தேயிலை மலையில் ஒரு குட்டிக் கடல்

கடல்மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்து நுவரெலியாவில் கடல்மீன் வளர்க்கலாமா என்று நண்பரொருவர் கேட்டார். வளர்க்கலாம். கொழும்பில் நீர் சூடேறுவதே கவலை, அங்கோ குளிர். பவளப்பாறை மீனுக்கு ஏறத்தாழ 25 பாகை செல்சியஸ் வேண்டும். ஹீற்றர் இன்றி ஓரிரவும் கழியாது. மின்சாரம் நின்றால் என்ன செய்வதென்றும் முன்கூட்டியே யோசிக்கவேண்டும். லீற்றருக்குச் சுமார் 35 கிராம் கடலுப்புக் கலவை, சமையலுப்பு உதவாது. பிறகு, நச்சான அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியாக்கள் பெருகும்வரை நான்கு முதல் ஆறு வாரங்கள் மீனில்லாத் தொட்டியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தப் பொறுமை எத்தனை பேருக்கு உண்டு!

இலங்கை ஏற்றுமதி செய்யும் கடல் அலங்கார மீன்களில் பெரும்பாலானவை சுழியோடிகள் கடலில் பிடித்தவை. அவசரத்தில் ஒன்று செத்தால் இழப்பு கடலுக்கே. பண்ணையில் பிறந்த கோமாளி மீன் இரண்டைத் தேடி வாங்குங்கள் என்றேன். இது நான்காவது வாரம். தொட்டியில் தண்ணீர் மட்டுமே இருக்கிறது.