பத்திரிகையும் வாசகனின் மறுப்பும்

கொழும்பில் அச்சாகும் நாளேடுகள் காலையில் மட்டக்களப்பை அடைகின்றன. 2014ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, ஆரையம்பதிப் பக்கத்திலிருந்து கொக்கட்டிச்சோலைக்குச் செல்வோர் பாதையேறியே வாவியைக் கடந்தனர். இன்று பாலம் உண்டு. பத்திரிகை விரைந்து படுவான்கரையைச் சேர்கிறது. ஆனால் படுவான்கரை வாசகன் சொல்ல விரும்பும் மறுமொழி பத்திரிகையைச் சென்று சேர்கிறதா? சேர்ந்தாலும் அங்கே அதற்கு என்ன நேர்கிறது? இதுவே நாம் இங்கு ஆராய விரும்புவது.

உயர்தர வகுப்பில் நாம் தமிழ் கற்பித்து வருகிறோம். ஒரே நிகழ்ச்சியை இரு பத்திரிகைகள் எவ்வாறு எழுதியுள்ளன என ஒப்பிடச் சொல்வது எமது வழக்கம். ஒருமுறை, பெரும்போக அறுவடை பற்றி ஒரு நாளேட்டில் வந்த செய்தி மாணவரைச் சினங்கொள்ளச் செய்தது. விளைச்சல் பெருகிற்று, விவசாயிகள் மகிழ்ச்சியில் திளைக்கின்றனர் என்றது அச்செய்தி. நெல்லை உலர்த்தவும் வைத்திருக்கவும் வசதியின்றி, களத்துக்கே வந்த வியாபாரியிடம் அவன் சொன்ன விலைக்குக் கொடுத்த குடும்பங்களின் பிள்ளைகள் அவ்வகுப்பில் இருந்தனர். அவர்கள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினர். முதற் பந்தியில், தம் பகுதியைப் பற்றி எழுதியமைக்கு நன்றி கூறினர். அடுத்த பந்தியில் செய்தியின் பிழையைச் சுட்டினர். சில நாட்களின் பின் கடிதம் பிரசுரமாயிற்று. நன்றி மட்டுமே அதில் இருந்தது! விளக்கம் கேட்டு நாம் எழுதியதற்குப் பதில் இல்லை.

சிறிய நிகழ்ச்சிதான். எனினும் பத்திரிகையின் சார்பு எங்கே வெளிப்படுகிறது என்பதை அது காட்டிவிடுகிறது. முற்றாகச் சார்பற்ற பத்திரிகை உலகில் இல்லை. உடைமையாளனுக்கு ஒரு வர்க்கம் உண்டு. விளம்பரம் தருபவனுக்கு ஒரு நலன் உண்டு. சார்பு இருப்பதில் வியப்பில்லை. அதைச் சுட்டுபவனின் சொல்லை வெட்டுவதே குற்றம்.

உடைமை மாறினால் எல்லாம் மாறும் என முற்போக்காளர் நம்பிய காலம் ஒன்றுண்டு. 1932 முதல் ‘தினகரன்’ நாளேட்டை வெளியிட்டுவந்த லேக் ஹவுஸ் நிறுவனத்தின் பங்குகளில் 75 வீதம், 1973ஆம் ஆண்டுச் சட்டத்தால் அரசின் பொறுப்புக்கு வந்தது. ஒரு குடும்பத்தின் ஆதிக்கத்தை அகற்றி உடைமையைப் பரவலாக்குவதே நோக்கம் எனப்பட்டது. இடதுசாரிக் கட்சிகளும் அந்த அரசில் பங்கேற்றிருந்தன. நடந்தது யாது? குடும்பத்தின் குரல் போய் அரசாங்கத்தின் குரல் வந்தது. பின்னர் ஆட்சிகள் மாறின. ஆள்வோரைப் போற்றும் வழக்கம் தொடர்ந்தது. வாசகனோ இரு காலத்திலும் வாசலுக்கு வெளியே நின்றான். ஆகவே, பத்திரிகை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியோடு, அது யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டது என்ற கேள்வியையும் நாம் எழுப்புதல் வேண்டும்.

அக்கடமையை ஏற்ற பத்திரிகைகளும் உண்டு. இங்கிலாந்தின் ‘கார்டியன்’ 1997இலும், சென்னையின் ‘இந்து’ ஆங்கில நாளேடு 2006இலும், வாசகரின் முறைப்பாடுகளை விசாரித்துப் பகிரங்கமாக எழுதவென்றே தனி ஆசிரியரை நியமித்தன. ‘நியூயோர்க் டைம்ஸ்’ 2003இல் ஏற்படுத்திய இத்தகைய பதவியை 2017இல் நீக்கிவிட்டது. இணையத்தில் வாசகர்களே காவலராகிவிட்டனர் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம். இது பொருந்தாத வாதம். ஆயிரம் பேர் கூவலாம். பதில் கூறக் கடமைப்பட்ட ஒருவர் இல்லையேல் அக்கூவல் காற்றோடு போகும். இலங்கையிலும் பத்திரிகைத்துறையினர் தாமே அமைத்த முறைப்பாட்டு ஆணைக்குழு 2003 முதல் உண்டு. எமது வகுப்பில் ஒருவரேனும் அதன் பெயரைக் கேள்விப்பட்டிருக்கவில்லை.

விமர்சனம் என்றாலே ஆசிரியபீடங்கள் அஞ்சுவதற்குக் காரணம் உண்டென்பதையும் நாம் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் ‘ஈழநாடு’ காரியாலயம் 1981இல் தீக்கிரையாயிற்று. ‘வீரகேசரி’க்கு எழுதிவந்த ஐயாத்துரை நடேசன், 2004 மே 31ஆம் நாள் இதே மட்டக்களப்பு நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுத்துக்கு நெருப்பாலும் துப்பாக்கியாலும் மறுப்புக் கூறிய நாடு இது. இத்தகைய மண்ணில், ஒரு செய்தியை ஏற்காத மாணவன் பேனாவை எடுத்துத் தன் பெயரையும் முகவரியையும் எழுதி மறுக்கிறான் என்றால், அதனினும் பெரிய நம்பிக்கை பத்திரிகைக்கு வேறு எங்கே கிடைக்கும்? அவனையும் பகைவனாகக் கருதும் பத்திரிகை, நாளை தனக்கு ஆபத்து நேரும்போது யாரைத் துணைக்கு அழைக்கும்?

வசைமொழியை அச்சிடுமாறு எவரும் கேட்கவில்லை. பிழை வந்த பக்கத்திலேயே திருத்தமும் வரட்டும். கடிதத்தைச் சுருக்கினால் சுருக்கியதாகச் சொல்லட்டும். மறுப்பின் உயிரான வரியை வெட்டாதிருக்கட்டும். நாம் கேட்பது இவ்வளவே. ஆசிரியரும் மாணவரும் சான்றோடும் பொறுமையோடும் எழுதிக்கொண்டே இருத்தல் வேண்டும். ஒரு கடிதம் வெட்டப்பட்டால் இரண்டாவதை எழுதுவோம். பத்திரிகை மக்களுடையதாவது சட்டத்தால் மட்டும் நிகழ்வதன்று. மக்கள் அதனோடு ஓயாது வாதிடுவதாலேயே நிகழும்.