செக்கும் செய்யுளும்

சென்ற மாதம் ஒரு நாள், கணக்கியல் வகுப்பில் மாணவன் ஒருவன் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் கவிதை எழுதிக்கொண்டிருக்கக் கண்டேன். உயர்தரப் பரீட்சைக்குச் சில வாரங்களே இருந்தன. எனக்குச் சினம் மூண்டது. "தம்பி, கவிதை சோறு போடாது" என்று கூறி, கொப்பியை வாங்கி மேசை லாச்சியில் வைத்துப் பூட்டினேன். அவன் மறுமொழி கூறவில்லை.

அந்த ஞாயிறன்று இல்லத்தில் 'கப்பலோட்டிய தமிழன்' படத்தைக் கண்டோம். பி. ஆர். பந்துலு 1961ஆம் ஆண்டில் இயக்கிய படம் அது. வ. உ. சிதம்பரம் பிள்ளையாக நடித்த சிவாஜி கணேசன் சிறையில் செக்கிழுக்கும் காட்சியில் என் மனைவி கண்ணீர் உகுத்தாள். தூத்துக்குடிக்கும் நம் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட்ட அப்பெருமகனுக்கு 1908இல் விதிக்கப்பட்டது இரட்டை ஆயுள் தண்டனை. மேன்முறையீட்டில் அது குறைக்கப்பட, 1912இன் இறுதியில் விடுதலையானார்.

படத்தில் ஒலிப்பவை பாரதியின் பாடல்கள். ஆதலால் கவிஞன் வெளியே, கைதி உள்ளே என்று காண்போர் எண்ணக்கூடும். ஆனால் அக்கைதியும் பாவலரே. மெய்யறிவு, மெய்யறம் என்னும் அறநூல்களை அவர் அச்சிறைவாழ்விலேதான் இயற்றினார். தம் வரலாற்றையும் அகவற்பாவிலே பாடினார். அச்செய்யுட்கள் அவருக்குச் சோறு போட்டனவா? இல்லை. வழக்கறிஞர் உரிமையை இழந்து, விடுதலைக்குப் பின் வறுமையில் உழன்றார். ஆயினும், உடல் மாட்டைப் போல் வருத்தப்பட்ட நாட்களில், தாம் மனிதரே என்பதை அவருக்கு நினைவூட்டியவை அவையன்றோ?

திங்கட்கிழமை லாச்சியைத் திறந்து கொப்பியை வாசித்தேன். யாப்புப் பிழைத்த வரிகள்தாம். ஆனால் அவற்றில் வாப்பாவின் இருமல் இருந்தது. நள்ளிரவு வரை எரியும் கடை விளக்கு இருந்தது. அதன் கீழே விரித்தும் படிக்க இயலாத புத்தகம் இருந்தது. இரண்டு ஆண்டுகள் எதிரே அமர்ந்திருந்த பிள்ளையின் வாழ்வை அன்றுதான் அறிந்தேன்.

அவனை அழைத்துக் கொப்பியை நீட்டினேன்.

"வாசிச்சீங்களா, சேர்?" என்றான்.

"வாசித்தேன், தம்பி. நான் அன்று சொன்னது பிழை."

இப்பொழுது வாரத்தில் இரு மாலைகள் அக்கரைப்பற்றில் உள்ள அவர்களது கடையிலேயே அமர்ந்து அவனுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பாடம் முடிந்தபின், கடைசிப் பக்கத்தை அவனே திறந்து காட்டுகிறான்.