நடு எழுத்துக்கள்

விலாசம் தவறிய கடிதத்தைத் தபால்காரர் திருப்பிக் கொண்டுவந்துவிடுவார். கிரிப்டோ நாணயத்துக்கு அப்படி ஒரு தபால்காரர் கிடையாது, நேயர்களே! போனால் போனதுதான்.

"முதலில் கொஞ்சம் அனுப்பிப் பார்த்துவிட்டுத்தான் பெரிய தொகை அனுப்புவேன், அக்கா" என்கிறான் என் தம்பி, ரொம்பக் கெட்டிக்காரன் போல.

2024 மே மாதம் ஒருவர் அப்படித்தான் செய்தார். சோதனைத் தொகை சரியாகவே போய்ச் சேர்ந்தது. அதற்குள் ஒரு திருடன், முதல் எழுத்துக்களும் கடைசி எழுத்துக்களும் பொருந்தும் வேறொரு விலாசத்தை அவருடைய வரவு செலவுப் பட்டியலில் புகுத்திவிட்டான். மனிதர் அதைப் பார்த்து அனுப்பினார், சுமார் 6.8 கோடி டாலர்!

நடு எழுத்துக்களை யார்தான் பார்க்கிறார்கள், சொல்லுங்கள்? பேச்சுவார்த்தைக்குப் பிறகு திருடன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். எல்லாத் திருடனுமா கொடுப்பான்?

தம்பி இப்போது விலாசத்தை எனக்கு உரக்கப் படித்துக் காட்டுகிறான், 42 எழுத்தையும்.