யாருடைய குரல்?

பேச்சொலி குறித்த சிறிய ஆய்விதழ் ஒன்றுக்கு இந்த ஆண்டு நான் ஆசிரியர் ஆனேன். தமிழ் இலக்கியம் படித்தவளுக்கு ஒலியலை பற்றி என்ன தெரியும் என்று ஒருவர் கேட்டார். உந்தியில் எழும் காற்று நெஞ்சும் மிடறும் தலையும் தொட்டு, பல், இதழ், நா, மூக்கு, அண்ணத்தால் எழுத்தாவதைத் தொல்காப்பியப் பிறப்பியல் சொல்கிறது. அதைத்தான் வருடாவருடம் வகுப்பில் நடத்துகிறேன்.

1925இல், தள்ளாடிக்கொண்டிருந்த ‘ஜகன்மோகினி’ இதழை வை.மு.கோதைநாயகி அம்மாள் ஏற்றார். எழுதப் பழகாத நாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொடுத்தவர் தோழி பட்டம்மாள். ஒரு பெண்ணின் பேச்சு அச்சேற இன்னொரு பெண்ணின் கை வேண்டியிருந்தது. ஆசிரியர் பொறுப்பை அந்தக் கையாகவே நினைக்கிறேன்.

வந்திருந்த கட்டுரைகளைப் படித்தேன். பதிவான குரல்கள் எல்லாம் கல்லூரிப் பிள்ளைகளுடையவை, அமைதியான அறையில் எடுத்தவை. ஆம்பூர் ஷூ கம்பெனியில் தையல் மெஷின் முன்னால் உட்காரும் பெண்களில் ஒருவர்கூட இல்லை. இரைச்சலுக்கு நடுவே மனிதக் குரல் தானே உயரும் என்று பிரெஞ்சு மருத்துவர் லொம்பார் 1911இலேயே எழுதிவிட்டார். அந்த இரைச்சலில் பேசிப் பழகியவளை ஊர் ‘வாயாடி’ என்கிறது. அது அவள் குணமா, அவள் வேலை செய்யும் இடமா?

இனிக் கட்டுரை அனுப்புகிறவர்கள் மூன்று கேள்விக்குப் பதில் எழுத வேண்டும். யாருடைய குரல்? எங்கே பதிவானது? கண்டதைப் பேசியவரிடம் சொன்னீர்களா?

இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். மாணவி ஒருத்தி ஒலிப்பதிவுக் கருவியோடு ஆம்பூர் பஸ் ஏறினாள். அவள் அம்மா வேலை பார்ப்பது அங்கேதான்.