எங்க படிப்பகத்துச் சுவர்

எங்க காலனிப் படிப்பகத்துக்கு இன்டர்நெட் ஊர்த்தெருவுலருந்துதான் வருது. கேபிள்காரர் வீட்டுல ஒரு பெட்டி. அதுலருந்து பத்துப் பன்னெண்டு வீட்டுக்கு ஒயர். அதுல ஒண்ணு நமக்கு. பொண்ணுங்க ஸ்காலர்ஷிப்புக்கு எழுதுறது, பசங்க வேலைக்கு மனு போடுறது எல்லாம் அந்த ஒயர்லதான். வன்கொடுமை வழக்கு ஒண்ணுல சாட்சி சொன்னவங்க வாக்குமூலமும் அங்க இருக்கிற ஒரு கம்ப்யூட்டர்லதான் கிடக்கு. 2015-இல் திருத்தின வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சாட்சிக்குப் பாதுகாப்புக் கொடுக்கணும்னு சொல்லுது. சொல்லுது, அவ்வளவுதான். பேரு வெளிய போனா கூலி போகும், அடி விழும்.

அதனால ஃபயர்வால் போடுறதுன்னு முடிவு பண்ணினோம். தமிழ்ல நெருப்புச்சுவர்னு சொன்னதும், பன்னெண்டாவது படிக்கிற பொண்ணு கேட்டுச்சு: "என்னண்ணா, நம்மளே சுவரு கட்டுறதா?"

ஒருத்தரும் சிரிக்கல. சுவருன்னா நமக்கு உத்தப்புரம். 1989-இல் கட்டினத 2008 மே மாசம்தான் ஒரு பக்கம் இடிச்சாங்க. சுவருன்னா மேட்டுப்பாளையம் நடூர். 2019 டிசம்பர் 2, விடியறதுக்குள்ள 17 உசுரு.

ஒரு ஆபீசுல கழிச்சுப் போட்ட கோர் டூ டியோ மெஷின் கிடைச்சது, 4 ஜிபி ராம். ஒயர் உள்ள வர ஒண்ணு, நம்ம பக்கம் போக ஒண்ணுன்னு ரெண்டு நெட்வொர்க் கார்டு வேணும். ரெண்டாவத ரிச்சி தெருவுல பழசா வாங்கினோம். போட்டது ஓபிஎன்சென்ஸ். 2003-இல் மானுவல் காஸ்பர் ஆரம்பிச்ச மோனோவால் வழியில வந்தது. 2015-இல் அத நிறுத்தினப்போ அவரே இதப் பாருங்கன்னு கைகாட்டினார். காசு இல்ல. உள்ள இருக்கிற நிரல யாரும் படிக்கலாம், திருத்தலாம். நம்ம காதுல எழுத்தே விழக்கூடாதுன்னு சொன்ன நாட்டுல இது எனக்கு ரொம்பப் புடிச்சுது.

பென் டிரைவ்லருந்து ஏத்தினா பழைய டிஸ்க்கு மொத்தமும் அழிஞ்சிடும். கார்டு ரெண்டும் இஎம்0, ஆர்இ0ன்னு வரும். எது வெளிவாசல்னு ஒயரப் புடுங்கிப் பாத்துத்தான் தெரிஞ்சுக்கணும். கேபிள்காரர் பெட்டியும் 192.168.1.1, இதுவும் அதேதான். உள்பக்கத்த 192.168.10.1ன்னு மாத்தினப்புறம்தான் வேலை செஞ்சுது. அதோட ஊருக்கே தெரிஞ்ச கம்பெனி பாஸ்வேர்டையும் மாத்தினோம்.

உள்ளருந்து கேட்டதுக்குப் பதில் வரலாம். கேக்காம வெளியிலருந்து எதுவும் நுழைய முடியாது. விதிய மேலருந்து கீழ படிக்கும், முதல்ல பொருந்துறதுதான் செல்லும். வாக்குமூலம் இருக்கிற மெஷின் வெளிய போகவே கூடாதுங்கிற விதிய எழுதினது அந்தப் பொண்ணுதான். 'எல்லாரும் போகலாம்'ங்கிறதுக்கு மேல கொண்டுபோய் வச்சுச்சு.

சாயங்காலம் திரையில செவப்பு வரியா ஓடுச்சு. பெரியம்மா ஒருத்தங்க எட்டிப் பாத்து, "இதெல்லாம் யாருடா?"ன்னாங்க.

"ஊர்த்தெரு மெஷினுங்க பெரியம்மா. அதுபாட்டுக்குக் கூவிக்கிட்டே இருக்கும். ஆளு தட்டினாலும் இப்படித்தான் நிறுத்தும்."

"ராத்திரி வந்து பொட்டியவே தூக்கிட்டுப் போனா?"

மறுநாள் கதவுக்குப் புதுப் பூட்டு வாங்கினோம்.