ஒரு ஈர்க்குக்குச்சி அளவு

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு எதிர்த்தாற்போல டீக்கடை. காலை ஆறரை மணி. முருங்கைக்காய்க் கட்டுகளை இறக்கிப் போட்டுவிட்டு வந்த பெரியவர், ஸ்டாண்டு போடாமல் வண்டியைப் பிடித்துக்கொண்டே நிற்கிறார். பழைய டி.வி.எஸ். 50. மிதிப்பதற்குப் பெடல் உண்டு; பெட்ரோல் முள் கிடையாது. 1980-இல் ஓசூரிலிருந்து வந்த நாள் முதல் இந்த வண்டிக்காரர்கள் முள்ளுக்கு ஏங்கியதாகவும் தெரியவில்லை.

வண்டியை இடமும் வலமுமாக ஆட்டுகிறார். குனிந்து, சீட்டுக்கு முன்னாலுள்ள டாங்கில் காதை வைக்கிறார். டாங்க் நிறைந்திருந்தால் சத்தம் வராது, வறண்டிருந்தாலும் வராது. நடுவில் இருந்தால்தான் சளக் சளக்கென்று பேசும். பெரியவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. இது எந்த மௌனம் என்பது அவர் உதட்டைப் பிதுக்கியதில் தெரிந்துபோனது.

ஸ்டாண்டைப் போட்டு மூடியைத் திருகினார். உள்ளே இருட்டு. சுமை தூக்கும் இளைஞர் ஒருவர் பீடியும் கையுமாக எட்டிப் பார்க்க வந்தார். "தள்ளிப் போப்பா, தள்ளிப் போ!" அவ்வளவு நேரத்தில் பெரியவர் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான். பீடி நாலடி பின்வாங்கியது.

பிறகு நேராகக் கடைக்குள் வந்து, மூலையில் சாத்தியிருந்த விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவினார். மாஸ்டர் பார்த்தும் பார்க்காததுபோல டீயை ஆற்றினார். ஈர்க்கு, டாங்கின் அடி தட்டும்வரை இறங்கி மேலே வந்தது. வெறும் பெட்ரோல் என்றால் பார்ப்பதற்குள் காய்ந்துவிடும். இது ஆயில் கலந்து ஊற்றும் டூ ஸ்ட்ரோக் வண்டி. நனைந்த இடத்தில் மினுமினுப்பு நின்றது. அங்கே கட்டைவிரல் நகத்தை வைத்தார். அரை விரற்கடை இருக்கும். டாங்கின் அடி மேடு பள்ளமானது, அரை விரற்கடை எத்தனை மில்லி என்று யாரால் சொல்ல முடியும்? அவர் கேட்பது மில்லி இல்லை, ஊர் போய்ச் சேருமா என்பது.

இத்தனை பாடும் எதற்கு என்று பெட்ரோல் டேப்பைப் பார்த்தபோதுதான் புரிந்தது. டாங்குக்குள் உயரமாக ஒரு குழாய், குட்டையாக ஒன்று. 'ஆன்' நிலையில் உயரக் குழாய் உறிஞ்சும். பெட்ரோல் அதற்குக் கீழே இறங்கினால் வண்டி இருமும், உடனே டேப்பை 'ரிசர்வ்' பக்கம் திருப்ப வேண்டும். அந்த இருமல்தான் எச்சரிக்கை. பெரியவரின் டேப்போ 'ரிசர்வ்' பக்கமே துருவேறி இறுகிக் கிடந்தது. இருமலுக்கு வழியே இல்லை, நின்றால் நின்றதுதான்.

டீக்குக் காசு கொடுத்தார். ஈர்க்கைத் துடைத்துச் சீட்டுக்கு அடியில் செருகினார். அங்கே ஏற்கெனவே மூன்று ஈர்க்குகள் இருந்தன. பெடலை மிதிக்க, இரண்டாம் மிதியில் வண்டி உயிர் பெற்றது. பங்க் வலது பக்கம், கண்ணுக்கெட்டும் தூரம்தான். பெரியவர் இடது பக்கம் திரும்பிப் போனார்.