மலைநாட்டில் ஒரு சின்னக் கடல்



ஹட்டனில் எங்கள் வீட்டு முன்னறையில் இருக்கும் கண்ணாடித் தொட்டியைப் பார்க்கும் பெண்கள் முதலில் மீனைப் பற்றிக் கேட்பதில்லை. "தண்ணீர் இவ்வளவு தெளிவாக இருக்கிறதே, வாரத்துக்கு எத்தனை தடவை கழுவுகிறீர்கள்?" என்றுதான் கேட்கிறார்கள். கழுவுவதே இல்லை என்றால் நம்ப மாட்டார்கள். நமக்குச் சுத்தம் என்றால் தேய்க்க வேண்டும், அலச வேண்டும், பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்ப வேண்டும். கடல் மீன் தொட்டியில் அந்தச் சுத்தமே மீனைக் கொன்றுவிடும். நாளை உங்கள் பிள்ளைகளும் இப்படியொரு தொட்டி கேட்டு அடம்பிடிக்கலாம். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்களுடையது 60 லீற்றர் தொட்டி. அடியில் வெள்ளை மணல், நடுவில் பவளப்பாறை போலச் செய்த செயற்கைக் கல், அதைச் சுற்றி இரண்டு கோமாளி மீன்கள். கடலுக்குப் போய்க் கேனில் தண்ணீர் அள்ளி வர வேண்டியதில்லை. மீன் கடைகளில் கடலுப்புக் கலவை பையில் விற்கிறார்கள். லீற்றருக்கு 35 கிராம் அளவில் கரைத்தால் கடல் நீராகிவிடும். குசினி உப்பைப் போட்டுப் பார்க்காதீர்கள். கடலில் இருக்கும் கல்சியமும் மக்னீசியமும் அதில் இல்லை.

புதுத் தொட்டியில் மீன் விட்ட சில நாட்களில் தண்ணீர் பால் கலந்ததுபோல் வெளுக்கும். அப்போதுதான் கை துறுதுறுக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். மீனின் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட உணவிலிருந்தும் அமோனியா என்ற நஞ்சு உண்டாகிறது. அதை ஒருவகை பற்றீரியா தின்று நைத்திரைற்று ஆக்குகிறது. அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை பற்றீரியா அதையும் தின்று, அவ்வளவு கெடுதி செய்யாத நைத்திரேற்று ஆக்குகிறது. கண்ணுக்குத் தெரியாத இந்த வேலைக்காரர்கள் கல்லிலும் மணலிலும் வடிகட்டும் பஞ்சிலும் குடியேறிப் பெருக நான்கிலிருந்து ஆறு வாரம் வேண்டும். அதற்குமுன் மீனை விடாமல் இருப்பதே நல்லது. பஞ்சைக் குழாயில் பிடித்து அலசினால் குளோரின் பட்டு அவை செத்துப்போகும். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே மெதுவாகப் பிழிந்தால் போதும். வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றினால் சேர்ந்திருக்கும் நைத்திரேற்றும் குறையும்.

நோன்புக் கஞ்சி வற்றினால் உப்புக் கரிக்கும். அப்போது நாம் உப்பா போடுகிறோம்? தண்ணீர்தானே ஊற்றுகிறோம்! தொட்டியும் அப்படித்தான். ஆவியாவது தண்ணீர் மட்டும், உப்பு உள்ளேயே நின்றுவிடும். ஆகவே குறைந்த அளவுக்கு ஊற்ற வேண்டியது நல்ல தண்ணீரே. நம் பக்கத்துப் பீலித் தண்ணீர் பளிங்குபோல் இருக்கும். ஆனால் மேலே தேயிலை மலை. உரம் போட்ட பிறகு மழை பெய்தால் அந்த உரமும் சேர்ந்துதான் இறங்கும். தொட்டிக்குள் போனால் அதைத் தின்று பாசி வளர்ந்து தண்ணீர் பச்சையாகிவிடும். நான் குளோரின் நீக்கிய குழாய்த் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். தொட்டியில் வெயில் விழாமலும் பார்த்துக்கொள்கிறேன்.

தண்ணீர் மஞ்சளித்தால் அதற்கு நம் நாட்டுச் சரக்கே மருந்து. தேங்காய்ச் சிரட்டைக் கரியை மிகுந்த சூட்டில் நீராவி செலுத்திப் பக்குவப்படுத்தி இலங்கையிலிருந்து பல நாடுகளுக்கு அனுப்புகிறார்கள். அதில் ஒரு பிடி, துணிப் பையில் கட்டி வடிகட்டியில் வைத்தால் நிறத்தை உறிஞ்சிவிடும். அடுப்புக் கரி இந்த வேலைக்கு உதவாது.

விருந்தாளிகளின் அன்புதான் தொட்டிக்குப் பெரிய ஆபத்து. வந்த பிள்ளை ஒவ்வொன்றும் ஒரு பிடி உணவு போட ஆசைப்படும். இரண்டு நிமிடத்தில் தின்று முடிப்பது எவ்வளவோ, அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. டப்பாவை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறேன். கஞ்சத்தனம் என்று பேசினாலும் பரவாயில்லை.

உயிரை அடைத்து வைக்கலாமா என்று என் மாமி கேட்டார். நியாயமான கேள்வி. சிறுவர் அபூ உமைர் குருவி வளர்த்ததும், அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் அன்போடு விசாரித்ததும் நாம் அறிந்ததே. பூனையைக் கட்டிப்போட்டுப் பட்டினியால் சாகவிட்ட பெண்ணின் கதியும் நாம் அறிந்ததே. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கோமாளி மீன்களைத் தொட்டியிலேயே குஞ்சு பொரிக்க வைத்து வளர்க்கிறார்கள். அப்படிப்பட்டதையே கேட்டு வாங்கினேன். உண்மையான பவளம் வேண்டுமென்று மகள் இரண்டு மாதம் நச்சரித்தாள். இலங்கைக் கடலில் கல் பவளம் உடைப்பது குற்றம். 1998இல் கடல் சூடாகி ஹிக்கடுவைப் பவளங்கள் வெளுத்துச் செத்ததையும் சொன்னேன். அதன்பிறகு கேட்கவில்லை.

பவளப்பாறை மீனுக்கு 25, 26 பாகை சூடு வேண்டும். கொழும்பில் வளர்ப்பவர்கள் தண்ணீரைக் குளிரவைக்கப் பாடுபடுகிறார்கள். இங்கே நமக்கு ஹீற்றர் இல்லாமல் முடியாது. 2022 மார்ச் இறுதியில், நோன்பு பிடிக்க இரண்டு மூன்று நாள் இருக்கையில், நாட்டில் 13 மணி நேர மின்வெட்டு வந்ததே, நினைவிருக்கும். ஹீற்றரும் நின்றது, பம்பும் நின்றது. பம்ப் நின்றால் மீன் மட்டுமல்ல, பற்றீரியாவும் மூச்சுத் திணறும். தொட்டியைச் சுற்றிக் கம்பளி போர்த்தி, காற்றுப் போக மேற்புறத்தைத் திறந்து விட்டோம். காஸும் கிடைக்காத நாட்கள் அவை. விறகடுப்பில் வெந்நீர் வைத்து, போத்தல்களில் இறுக மூடி மிதக்கவிட்டேன். மகளும் நானும் மாறி மாறி ஒரு கோப்பையால் தொட்டித் தண்ணீரை அள்ளி உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டிருந்தோம். விழும்போது காற்றும் கலக்குமல்லவா! மஃரிப் நேரத்தில் வெப்பமானி 22 காட்டியது. இரண்டு மீனும் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மகள் அழுதுகொண்டே ஊற்றினாள், நிறுத்தவில்லை.

கரண்ட் வந்தபோது இரண்டும் உயிரோடு இருந்தன, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மறுநாள் தண்ணீர் மீண்டும் பாலாக வெளுத்தது. சொட்டு மருந்து விட்டுச் சோதித்தேன், அமோனியா காட்டியது. தயாராகக் கரைத்து வைத்திருந்த உப்புத் தண்ணீரைத் தொட்டிச் சூட்டுக்குக் கொண்டுவந்து கால் பங்கு மாற்றினேன். பஞ்சைத் தொடவில்லை. உணவை அடியோடு நிறுத்தினேன். மீன் சில நாள் பட்டினி தாங்கும், அழுக்குத் தண்ணீரைத் தாங்காது. மேலும் இரண்டு முறை கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினேன். நான்காம் நாள் சுபஹு தொழுதுவிட்டு வந்து பார்த்தால் பின்கண்ணாடிவரை தெரிந்தது. அன்று ஒரு சிட்டிகை உணவு போட்டோம்.